பந்தருகே படுத்திருப்பவன்

கிராவிக்கில் பெனால்டி என்றால் இரண்டு ஆள் வேலை. ஒருவன் உதைப்பான். இன்னொருவன் அதற்கு முன்பே குப்புறப் படுத்து, பந்தின் உச்சியில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பான். இல்லையென்றால் உதைப்பவன் ஓடி வருவதற்குள் பந்து தன் பாட்டுக்குக் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடும். ஃபாரோ தீவுகளில் எந்த ஊர் மைதானமானாலும் காற்றடிக்கிற நாளில் இதுதான் வழக்கம். காற்றடிக்காத நாள் குறைவு.

மிலுட்டின் பொப்பாடிச் இதை முதல்முறை பார்த்தபோது எதிரணி ஆள் யாரோ மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்தான். கோலை விட்டு ஓடிப்போய் அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். படுத்திருந்தவன் பந்திலிருந்து விரலை எடுக்காமலே தலையை மட்டும் திருப்பி, "உனக்கு என்னப்பா வேணும்?" என்றான். மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. மழை நாளில் ஊர் ஆட்டத்தைக் காருக்குள் இருந்துதான் பார்க்கும், சிரிப்பதும் ஹாரனில்தான். அவன் காது சிவக்கத் திரும்பிப் போய் நின்றான். பந்து வந்தது. இடதுபக்கம் பாய்ந்து பிடித்தான். ஹாரன்கள் சட்டென்று நின்றன. பிறகு வேறு மாதிரி அடித்தன.

அப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது. செர்பியாவின் வடக்கே, மக்காச்சோளக் கொல்லைக்கும் வானத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லாத ஒரு சமவெளி ஊர்க்காரன். உள்ளூர் கிளப்பில் மூன்றாம் பிரிவு வரை ஆடினான். பிறகு எல்லை தாண்டி ஹங்கேரியில் அரை சீசன். அதற்குள் அந்தக் கிளப் மூடிவிட்டது. ஏஜென்ட் ஒருவன் வந்தான். "ஒரே ஒரு சீசன் ஃபாரோவில ஆடு. அங்கேர்ந்து டென்மார்க் ஒரு எட்டுதான்" என்றான். வரைபடத்தில் பார்த்தால் அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு எட்டை எடுத்து வைக்க ஏழு வருடமாகியும் கால் எழவில்லை.

இங்கே பந்தாட்டம் மட்டும் சோறு போடாது. காலையில் சால்மன் தொழிற்சாலையில் வேலை. அங்கே மேற்பார்வை ஹனுஸ். கிராவிக் அணியின் கேப்டனும் அவரே. நாற்பதை நெருங்குகிறார். ஓட்டம் போய்விட்டது, குரல் போகவில்லை. மைதானத்தில் ஒருவன் தப்பாக ஆடினால் மறுநாள் மீன் வெட்டும் மேசையில் அவனுக்குத் தலைகள்தான் வந்து சேரும். மிலுட்டினைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டூரிட்டா கட்டிக்கொண்டாள். ஆட்ட நாட்களில் பஸ்ஸைக் கொண்டுவந்து அவன் கோலுக்குப் பின்னால் நிறுத்துவாள். "காத்தைத் தடுக்கத்தான். பாசம்னு நெனச்சுக்காதே" என்பாள்.

அவன் சுமாரான கோல்கீப்பர். இதை அவனே சொல்வான். உயரப் பந்துக்குக் கொஞ்சம் தாமதம், காலால் ஆடுவது மோசம். ஆனால் பெனால்டி மட்டும் பாதிக்கு மேல் பிடித்துவிடுவான். பெரிய பெரிய கிளப்புகளின் கோல்கீப்பர்கள் ஐந்தில் ஒன்று பிடித்தால் பேப்பரில் படம் போடுகிற விஷயம் அது. எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டால், "தெரியல. உடம்பு போற பக்கம் நான் போறேன்" என்பான். ஊர் அதற்குமேல் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்றும் ஊர் கேட்பதில்லை.

அவனுக்கு முப்பத்தொன்று ஆன வருடம் டென்மார்க்கிலிருந்து போன் வந்தது. டோர்பென் என்பவர் பேசினார். இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்றுக்கு ஆட்டக்காரர்களைத் தேடித் தரும் வேலை அவருக்கு. அவர்களுடைய மாற்றுக் கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது.

"உங்க பெனால்டி சங்கதி கேள்விப்பட்டேன். நெஜந்தானா?"

"நெஜம்."

"எப்படிச் செய்றீங்க?"

"தெரியல."

அவர் சிரித்தார். "தெரியாம செய்றவன்தான் எனக்கு வேணும். தெரிஞ்சு செய்றவன் யோசிச்சுக் கெடுத்துப்பான். அடுத்த வாரம் விட்டு அதுக்கு அடுத்த ஞாயிறு வர்றேன். ஆட்டத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

இது கடைசி அழைப்பு என்று மிலுட்டினுக்குத் தெரியும். முப்பத்தொரு வயதுக்காரனை இரண்டாவது முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊருக்கு போன் செய்தபோது அப்பா வழக்கம்போல, "இன்னும் மீன்தான் வெட்டுறியா?" என்று ஆரம்பித்தார். மகன் வெளிநாட்டில் பந்தாடுகிறான் என்று அவர் சொல்லும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர், டிவியில் ஏன் வரவில்லை என்று கேட்கிறாராம். மிலுட்டின் செய்தியைச் சொன்னான். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அங்க புல் நெஜப் புல்லா?" என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டில் காய்ந்த ஆட்டிறைச்சியை மெல்லியதாகச் சீவி அவன் பக்கம் தள்ளினாள் டூரிட்டா.

"நான் வர்றேன். பஸ் எந்த ஊர்லயும் ஓடுது. ஆனா ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"காத்து இல்லாத நாள்ல நீ ஒண்ணாவது புடிச்சிருக்கியா?"

"என்ன கேள்வி இது?"

"காத்து இல்லேன்னா நான் பஸ் கதவைத் திறந்து படியில உக்காந்து பார்ப்பேன். காத்தடிச்சா உள்ள உக்காந்து கண்ணாடி வழியா. படியில உக்காந்து நீ பெனால்டி புடிச்சு நான் பார்த்ததே இல்ல, மிலு. எல்லாமே கண்ணாடி வழியாத்தான்."

அவனுக்குச் சுருக்கென்றது. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தி அப்படியே வைத்திருந்தான். பிடித்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒன்றில் மழை. ஒன்றில் கோல் வலை கிழிந்துபோகிற காற்று. இன்னொன்றில் ஓரத்துக் கொடி பறந்துபோய் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். விட்டவற்றை நினைத்தான். வெயில். முதுகில் வெயில் சுட்டது நினைவிருந்தது.

"டென்மார்க்ல அந்த ஸ்டேடியம் நாலு பக்கமும் மூடினது" என்றான் மெதுவாக.

"அதனாலதான் கேட்டேன்" என்றாள் அவள்.

கோபம் ஒரு இரவு இருந்தது. காலையில் எழுந்தபோது அது போய் அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. தன் உடம்பு தன்னிடம் கேட்காமல் ஏழு வருடமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறது, அது என்ன? கடையில் நம் பெயரைச் சொல்லி யாரோ சாமான் வாங்கிப் போகிறான் என்றால் அவன் யாரென்று பார்க்கத் தோன்றாதா, அப்படி.

தொழிற்சாலை காபி இடைவேளையில் விஷயத்தைப் போட்டு உடைத்தான். ஆளுக்கொரு பதில் இருந்தது.

"காத்துல பந்து மெதுவா வரும். அவ்வளவுதான்" என்றான் ஒருவன்.

"காத்துக்கு முதுகு காட்டி அடிச்சா வேகமால்ல வரும்? அதையும் புடிக்கிறானே."

"காது" என்றார் ஹனுஸ் முடிவாக. "சமவெளிக்காரன். காத்துச் சத்தத்துல பந்தோட சத்தம் மாறுறது இவன் காதுக்குக் கேக்குது. எங்களுக்குப் பழகிப்போச்சு, கேக்கறதில்ல."

அன்று பயிற்சியில் அவன் காதில் பஞ்சை அடைத்து, மேலே குல்லாயையும் இழுத்துவிட்டார்கள். காற்று பலமாக இருந்தது. வழக்கம்போல ஒருவன் படுத்துப் பிடிக்க, இன்னொருவன் உதைத்தான். மிலுட்டின் பிடித்தான். மறுபடி பிடித்தான். மூன்றாவது விட்டுவிட்டு நான்காவது பிடித்தான். ஹனுஸ் பஞ்சைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். "சரி, காது இல்ல."

இனி காற்றில்லாத நாள் வேண்டும். டோர்பென் வருவதற்கு முன் வர வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஊரே வானிலை அறிக்கையை மிலுட்டினுக்காகக் கேட்டது. ஒரு வியாழக்கிழமை காலை கடல் தகரத் தட்டுப் போலக் கிடந்தது. கொடிமரத்தில் கயிறுகூட அசையவில்லை. ஹனுஸ் மேசையைத் தட்டினார். "காபி குடிக்கிறவன் குடிக்கலாம். மத்தவன் எல்லாம் மைதானத்துக்கு."

எல்லாரும் ஏப்ரனோடும் ரப்பர் பூட்ஸோடும் வந்தார்கள். பந்தைப் புள்ளியில் வைத்தார்கள்; அது மரியாதையாக அங்கேயே இருந்தது. முதல் பந்து உள்ளே. இரண்டாவது உள்ளே. மிலுட்டின் ஒரு பக்கம் பாய, பந்து மறுபக்கம் போனது. அல்லது நின்ற இடத்திலேயே மலைத்து நின்றான். ஐஸ் பெட்டி நிரப்பும் மரியன்னா, அறுபது வயதுக்காரி, "நானும் ஒண்ணு போடட்டா?" என்று கேட்டு, ரப்பர் பூட்ஸோடு உதைத்தாள். அதுவும் உள்ளே போயிற்று. பந்தோடு பூட்ஸும் போயிற்று.

"எதைப் புடிக்கிறதுன்னு தெரியாம விட்டுட்டான்" என்று அவள் ஒற்றைக் காலில் நின்று சிரித்தாள்.

மிலுட்டின் சிரிக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்றான். டென்மார்க் கண்ணெதிரே பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு" என்றார் ஹனுஸ். நின்று நின்று கால் கடுத்திருந்தது அவருக்கு. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, இருபது வருடப் பழக்கத்தில், பந்தருகே போய்க் குப்புறப் படுத்து அதன் தலையில் விரலை வைத்தார்.

"காத்தே இல்லையே ஹனுஸ்!"

"வாயை மூடிட்டு அடி." உதைப்பவனும் பழக்கத்தில் ஒருமுறை குனிந்துவிட்டுப் பின்னால் போனான்.

உதைத்தான். மிலுட்டின் வலதுபக்கம் பறந்தான். பந்து அவன் இரண்டு கைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

"எந்திரிக்காதே" என்றான் மிலுட்டின், புல்லில் கிடந்தபடியே. "இன்னொண்ணு."

அடுத்ததும் பிடித்தான். அதற்கடுத்ததையும். ஹனுஸ் படுத்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி, ஏதோ திருட்டுப் பழி சுமத்தியதுபோலப் பார்த்தார்.

"என்னடா, என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?"

"மூஞ்சி இல்ல. தோள்." சொல்லும்போதுதான் அவனுக்கே தெரிந்தது. "ஒரு பக்கத் தோளைச் சுருக்கிக்கிற. பந்து அதுக்கு எதிர்ப்பக்கம் வருது. ஆனா பந்து எங்க போகும்னு உனக்கெப்படித் தெரியும்?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"அவன் சொல்றான்ல" என்றார் ஹனுஸ்.

"யாரு?"

"உதைக்கிறவன். குனிஞ்சு காதுல எந்தப் பக்கம்னு சொல்லிட்டுத்தானே பின்னால போவான். சொல்லலேன்னா நான் கையை எந்தப் பக்கம் இழுக்கறது? விரல் போச்சுன்னா நாளைக்குக் கத்தி எவன் புடிக்கறது? உனக்குத் தெரியாதா இது?"

தெரியாது. உதைப்பவன் குனிவதை ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறான். பந்தைச் சரிசெய்கிறான் என்று நினைத்திருந்தான். அவன் கோல்கீப்பர்; படுத்ததும் இல்லை, உதைத்ததும் இல்லை. அவனிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே பிறந்த கோல்கீப்பர்களோ சின்ன வயதில் எல்லாரும் படுத்தவர்கள்; பழகிய சங்கதி என்பதால் அவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. உதைப்பவனைத்தான் பார்ப்பார்கள். மிலுட்டின் மட்டும், முதல் நாள் மயங்கி விழுந்தவன் என்று ஒருவனைப் பார்த்தானே, அன்றிலிருந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒவ்வொரு ஊர் ஆளும் இப்போது நினைவில் வந்தான். ஒருவன் ஒரு கண்ணை மூடுவான். ஒருவன் தாடையை இறுக்குவான். இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்க விலாவைத் தரையோடு ஒட்டுவான். ஆச்சரியம், உதைத்த ஒருவனின் முகம்கூட நினைவில் இல்லை.

"அந்த டென்மார்க் ஆள்கிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே" என்றார் ஹனுஸ், ஏப்ரனைத் தட்டிக்கொண்டு எழுந்து. "இங்க இருக்கறவங்களும் மூச்சு விடக்கூடாது. வெளிய தெரிஞ்சா இங்கயும் போச்சு, அங்கயும் போச்சு."

டூரிட்டாவிடம் அவன் சொன்னபோது அவள் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்திவிட்டு, "நான் கேக்காமலே இருந்திருக்கணுமோ?" என்றாள்.

"இல்ல." அவன் கொஞ்சம் யோசித்தான். "நல்லாருக்கு. தெரிஞ்சது நல்லாருக்கு. போறதா இருந்தாலும்."

ஆனால் ஃபாரோவில் ஒரு விஷயத்தை மூடி வைப்பது என்பது காற்றில் குடை பிடிப்பது. மரியன்னாவின் புருஷன் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், ஏஸ்ட்னெஸ் ஊர்க்காரன். டூரிட்டாவின் அம்மாவும் ஏஸ்ட்னெஸ்தான். மகள் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாளா? டூரிட்டாவின் தம்பி ரோகுர் அந்த ஊர் அணியில் ஆடுகிறான். காற்று நாளில் அவர்களுக்குப் படுப்பவன் அவன்தான். டோர்பென் பார்க்க வரும் ஆட்டமும் ஏஸ்ட்னெஸோடுதான். சனிக்கிழமை மிலுட்டின் பெட்ரோல் போடப் போனபோது, பெட்ரோல் பங்க்காரன் பேசாமல் ஒரு தோளை மட்டும் சுருக்கிக் காட்டினான்.

ஞாயிறு காலை டோர்பெனை விமான நிலையத்திலிருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். மெலிந்த மனிதர், பெரிய மூக்குக்கண்ணாடி. காற்று அன்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. அவர் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சொல்லப்போவதில்லை என்றுதான் மிலுட்டின் கிளம்பியிருந்தான். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் காற்றுச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஓட்டிக்கொண்டிருந்த டூரிட்டா கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்தாள்.

சுரங்கப்பாதை முடிந்து காற்று மறுபடி அடித்தபோது டோர்பென் அவன் பக்கம் திரும்பினார்.

"இதை எங்கிட்ட சொல்லணும்னு என்ன அவசியம்?"

"எனக்கே போன வாரந்தான் தெரியும். எதிர்ல உக்காந்து அதைக் கேக்க ஒரு ஆள் இருக்கறப்ப சொல்லாம இருக்க முடியல."

"எங்க ஸ்டேடியத்தில பந்துப் பக்கத்தில யாரும் படுக்கறதில்ல."

"தெரியும்."

"அப்ப நான் எதைப் பாக்கறது?"

"வந்தாச்சில்ல. ஆட்டத்தைப் பாருங்க" என்றாள் டூரிட்டா. "திரும்பிப் போற விமானம் நாளைக்குத்தான்."

ஆட்டம் நடந்தது. காற்று ஏஸ்ட்னெஸ் பக்கமிருந்து கிராவிக் கோலை நோக்கி அடித்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கிராவிக் ஆள் ஒருவன் பெனால்டி பெட்டிக்குள் ஏஸ்ட்னெஸ்காரன் ஒருவனின் காலைத் தட்டிவிட, நடுவர் புள்ளியைக் காட்டினார். சுற்றிலும் கார்களில் வைப்பர்கள் ஒரே நேரத்தில் வேகமாக ஓடின. ஊருக்கே பார்க்க வேண்டியிருந்தது.

ஏஸ்ட்னெஸின் டான்யால் பந்தைக் கொண்டுவந்தான். ரோகுர் படுக்க வந்தான். வந்தவன் மிலுட்டினைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"மச்சான், இன்னிக்கு என் அழகு முகம் உனக்குக் கெடையாது."

கம்பளிக் குல்லாயைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டான். தோள் தெரியாமலிருக்க உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தான். ஹாரன்கள் அலறின.

"மூச்சு முட்டிச் சாகாதே. உங்கக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றான் மிலுட்டின்.

டான்யால் குனிந்து குல்லாயின் மேலேயே வாயை வைத்து ஏதோ சொன்னான். பின்னால் போனான். மிலுட்டின் பார்த்தான். முகம் இல்லை. தோள் இல்லை. கம்பளி மூட்டை ஒன்று கிடந்தது. கண் தானாகக் கீழே போயிற்று. ரோகுரின் பூட்ஸ் நுனிகள். இடதுகால் நுனி தரையை அழுத்தி ஊன்றியிருந்தது, எந்த நொடியும் அந்தப் பக்கமிருந்து உந்தி உருளத் தயாராக. பந்து எந்தப் பக்கம் என்று மிலுட்டினுக்குத் தெரிந்துவிட்டது. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. பாய்ந்தான்.

பந்து எதிர்ப்பக்கம் போய் வலையில் விழுந்தது. போகிற வழியில் ரோகுரின் விரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது.

"அய்யோ! கொன்னுட்டான்!" குல்லாயைப் பிய்த்தெறிந்துவிட்டு ரோகுர் எழுந்தான். "வலதுன்னியே! டேய், வலதுன்னுதானே சொன்ன!"

"அவன் உன்னைப் பாத்தே கண்டுபுடிச்சிடுறானே, நான் என்ன பண்றது?"

"அதுக்கு என் கிட்டயே பொய் சொல்லுவியா? கைடா இது, கை! நாளைக்கு வலை இழுக்க நீ வர்றியா?"

கோல் போட்ட அணி தனக்குள்ளேயே அடித்துக்கொள்வதை அந்த மைதானம் அதுவரை பார்த்ததில்லை. ரோகுர் டான்யாலைச் சட்டையைப் பிடித்துத் தள்ள, நடுவர் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். டோர்பென் பஸ்ஸுக்குள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று, "இது அடிக்கடி நடக்குமா?" என்று டூரிட்டாவைக் கேட்டார்.

"இதுவரைக்கும் எங்க தீவுல ஒருத்தனும் இந்த ஒரு விஷயத்தில மட்டும் பொய் சொன்னதில்ல" என்றாள் அவள். தம்பியின் விரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இனிமே சொல்லுவாங்க."

இரண்டாம் பாதியில் ஹனுஸ் எப்படியோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஆட்டம் சமன். முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. பக்கம் மாறியும் காற்று விட்டுவைக்கவில்லை. திசை திரும்பி மறுபடி கிராவிக் கோலை நோக்கியே அடித்தது. அப்போது ஏஸ்ட்னெஸுக்கு இன்னொரு பெனால்டி. நியாயமானதுதான், ஹனுஸின் கைதான் பட்டது.

டான்யால் பந்தை வைத்தான். அது உருண்டது. மறுபடி வைத்தான். மறுபடி உருண்டது. ரோகுர் விரலில் துணி சுற்றிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். "நான் படுக்க மாட்டேன்." டான்யால் இன்னொருவனைக் கேட்டான். "எனக்குப் பத்து விரலும் வேணும்" என்றான் அவன். ஒருவனும் முன்வரவில்லை. ஒரே பொய்யில் ஒரு வழக்கம் முறிந்து கிடந்தது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் படுங்கப்பா."

"நான் படுக்கறேன்" என்றார் ஹனுஸ்.

"நீ கிராவிக்காரன்!"

"என் கைதானே பட்டது. அதே கையை வைக்கிறேன். எந்த அணிக்காரன் படுக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

நடுவர் யோசித்தார். அவர் ஏஸ்ட்னெஸும் இல்லை, கிராவிக்கும் இல்லை. தெற்குத் தீவிலிருந்து படகேறி வந்தவர், திரும்பப் படகைப் பிடிக்க வேண்டும். "இல்லதான்" என்றார்.

ஹனுஸ் முட்டி கடகடக்கப் படுத்து விரலை வைத்தார். டான்யால் அவர் காதில் எதுவும் சொல்லவில்லை. எதிரணிக் கேப்டனிடம் என்ன சொல்வது? நேராகப் பின்னால் போனான். மிலுட்டின் ஹனுஸைப் பார்த்தான். முகம் முழுவதும் தெரிந்தது. அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு தோளும் சுருங்கியிருந்தன. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. எந்தப் பக்கமிருந்து அடி விழும் என்று தெரியாத ஒரு மனிதர், அவ்வளவுதான்.

அப்போது மிலுட்டின் நிமிர்ந்து டான்யாலைப் பார்த்தான். உதைக்க வருகிறவனின் முகத்தை அவன் கவனித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டான்யாலின் இமையில் மழைத்துளி நின்றது. அவனுக்கும் பயமாக இருந்தது. இதைப் பார்க்கவே இவ்வளவு நாள் ஆயிற்றா என்று மிலுட்டினுக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பில் பாய மறந்துவிட்டான்.

பந்து நேராக வந்து அவன் நெஞ்சில் மோதியது. தற்செயலாகக் கட்டிக்கொண்டான்.

ஹாரன்கள் ஆட்டம் முடியும் வரை ஓயவில்லை. ஹனுஸ் பத்து விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் டோர்பென் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா நின்னீங்க. பெரும்பாலானவங்களுக்கு அந்த நேரத்தில நிக்க வராது. எப்படி நின்னீங்க?"

"ஒண்ணும் தெரியல. அதனால நின்னேன்."

"ம். மாற்று ஆளா அரை சீசன் தர முடியும். அதுக்கு மேல வாக்குக் குடுக்க மாட்டேன்." சற்றுப் பொறுத்து, "அந்தக் குல்லாய்க்காரன்கிட்ட எதைப் பார்த்தீங்க?" என்றார்.

"பூட்ஸ்."

டோர்பென் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், விமான நிலையம் வரை.

மிலுட்டின் போனான். நிஜப் புல்தான், அப்பாவிடம் முதலில் அதைச் சொன்னான். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். அது டிவியில் வந்தது. அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தார். அதில் ஒரு பெனால்டி இருந்தது. நாலு பக்கமும் சுவர், காற்றில்லை, பந்து புள்ளியில் அசையாமல் இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. அவன் கண் அந்த இடத்துக்குத்தான் போயிற்று. கொஞ்சம் புல் இருந்தது. பந்து மூலையில் விழுந்தது.

"ஏன் மரம் மாதிரி நின்ன?" என்று அப்பா போனில் கேட்டார்.

"ஒரு தடவை பலிச்சுது" என்றான்.

அரை சீசன் முடிந்ததும் மறு ஒப்பந்தம் வரவில்லை. டூரிட்டா அதற்குள் அந்த ஊரில் பஸ் ஓட்டும் வேலைக்குப் பேசி வைத்திருந்தாள். "இருக்கலாமா?" என்று கேட்டாள். "இங்க மீன் வெட்டாமலும் பொழைக்கலாம்." அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு, "ரோகுர் இப்ப எப்படிப் படுக்கிறான்னு பாக்கணும்" என்றான். அவள் அவனை உற்றுப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பெட்டியைக் கட்டினாள்.

வசந்தத்தில் முதல் ஆட்டமே ஏஸ்ட்னெஸோடு வந்தது. அவன் இல்லாத மாதங்களில் விரல்கள் நசுங்கி, கடைசியில் ஊர்களெல்லாம் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தன: படுப்பவனிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்; பதிலுக்குப் படுப்பவன் தன்னை மூடிக்கொள்ள வேண்டும். பெனால்டி வந்தது. படகில் போட்டுக்கொள்ளும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, யாரோ மலை போன்ற ஆளுடையது, அதற்குள் ரோகுர் தலையிலிருந்து கால்வரை புகுந்து படுத்தான். பூட்ஸும் உள்ளே. மழைக்கோட்டு பற்றியும் எங்கும் எழுதியில்லை என்றார் நடுவர். பந்தின் மேல் ஒரு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போன வருடத்துக் கோணலோடு.

"மச்சான்," என்றது கோட்டு, "இப்ப என்ன பண்ணுவே?"

மிலுட்டின் முழங்காலை மடக்கிக் குனிந்தான். அந்த விரலைப் பார்த்தான். டான்யால் ஓடிவரத் தொடங்கினான். விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தியதில் நகம் ஒரு பக்கம் சிவந்தும் ஒரு பக்கம் வெளுத்தும் இருந்தது.